கமாரியாவின் கரண்டி

"கரண்டியைக் கீழே வைங்கக்கா. நாளைக்கு நீங்க அடுப்புப் பக்கமே வரக்கூடாது."

சுத்தினா இப்படிச் சொன்னதும், கொட்டகையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

கமாரியாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக அந்த ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் சமையல் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. வெங்காயம் உரிப்பது யார், தட்டுக் கழுவுவது யார் எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அந்த நீளக் கரண்டியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"யாரு முடிவு பண்ணது?"

"எல்லாரும் சேர்ந்துதான்" என்றாள் மஸ்னி. போன கல்யாணத்தில் சோற்றைக் குழைத்துக் கஞ்சியாக்கியவள்! அவளுக்கு வந்த வாயைப் பாருங்கள்.

சண்டை போட்டால் காரியம் கெட்டுவிடும். இந்தக் கூட்டத்தை இத்தனை காலம் கட்டி மேய்த்தவள் அல்லவா, கமாரியா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி, சோறு உன் பொறுப்பு சுத்தினா. பரிமாறுறது மஸ்னி பார்த்துக்கட்டும். ரெண்டாங் கறி மட்டும் எனக்கு விட்டுடுங்க."

"ஊஹூம்."

"மசாலா மட்டும் வதக்கித் தர்றேன்டி. மாட்டுக்கறியை நீங்களே கிளறுங்க."

"அதுவும் வேணாம்."

"உப்பாவது பார்க்கலாமா, இல்ல அதுவும் கூடாதா?"

"நீங்க இருக்கிற இடத்துக்கே தட்டுல கொண்டாந்து தர்றோம். சாப்பிட்டுட்டு உப்பு சரியான்னு சொல்லுங்க, போதும்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கமாரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊரே திரண்டு வரப்போகுது. கறி அடிபிடிச்சா யார் மானம் போகும்? என் மானம்! அந்தப் பெரிய சட்டியை உங்கள்ல எவளால கிளற முடியும்? ஜம்ரியைக் கூப்பிடுங்க, நான் அவர்கிட்டயே பேசிக்கிறேன்."

பெரிய சட்டி எப்போதும் ஜம்ரியின் பொறுப்பு. கமாரியா மசாலா போடுவாள். அவர் எதிரே நின்று துடுப்பால் கிளறுவார். அதிகம் பேசாத மனிதர். அவள் கண்ணைக் காட்டினால் போதும், விறகை இழுத்துத் தீயைத் தணிப்பார்.

"அவரும் நாளைக்கு வரமாட்டார்" என்றாள் மஸ்னி.

"அடிப்பாவிங்களா! அவரையும் நீக்கிட்டீங்களா?"

"சொன்னதும் சரின்னுட்டார். உங்களை மாதிரி பேரம் பேசல."

கமாரியா பலகையில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. கொட்டும் பாட்டும் பந்தலில் நடக்கும். அவள் அடுப்புப் புகையில் நின்று கேட்டதோடு சரி. பிறகு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒற்றையாய் வீட்டுக்கு நடப்பாள். இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிற்று.

"அடுப்பை விட்டா நான் எங்கேடி போய் நிப்பேன்? இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுகூட எனக்குத் தெரியாதே."

சுத்தினா அவள் முன்னால் மண்டியிட்டு, இறுகியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரண்டியை வாங்கினாள். மஸ்னி முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்தாள். அரைத்த மருதாணியின் வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது.

"கையை நீட்டுங்க. அவருக்கு அங்கே போட்டு முடிச்சாச்சு" என்றாள் சுத்தினா. "உங்க கல்யாணத்துக்கு நீங்களே சமைக்க நின்னுட்டா, மேடையில ஜம்ரி பக்கத்துல யாருக்கா உட்கார்றது?"