கார் சொன்னால்தான்

எங்கள் பழைய மின்சாரக் காருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து சார்ஜ் ஒயரைச் செருகியதும், நான் அன்றைக்குப் போன இடங்களையெல்லாம் வீட்டிடம் சொல்லிவிடும். வீடு அப்படியே என் மனைவி சுகந்தியிடம் ஒப்பிக்கும்.

"ஏனுங்க, சர்க்கரையை வெச்சுக்கிட்டு மறுபடியும் பேக்கரிக்குப் போனீங்களா?"

"சிக்னல்ல யானை படுத்திருந்துச்சு. அதான் பேக்கரியில ஒதுங்குனேன்."

"அப்ப தேங்காய் பன்னைத் தின்னதும் யானைதானுங்களா?"

எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு இப்படித்தான் இறங்கும்.

போன வாரம் மென்பொருளைப் புதுப்பித்ததும், இனிமேல் பழைய கார்களோடு பேச முடியாது என்று வீடு சொல்லிவிட்டது. கார் இப்போது சார்ஜை மட்டும் ஏற்றிக்கொண்டு சும்மா நிற்கிறது. முதல் நாள் அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பன் தின்றேன். சுகந்தி எதுவும் கேட்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாளும் அப்படியே.

நேற்று பொறுக்க முடியாமல் நானே சொன்னேன். "சுகந்தி, இன்னிக்கும் பேக்கரிக்குப் போனேன். மூணு பன் தின்னேன்."

"சும்மா கதை விடாதீங்க. கார் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

சட்டையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைக் காட்டினேன். அதைத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.