செலிமோ தொலைத்த கச்சை

"பெத்த மகன் சண்டைக்குப் போற அன்னிக்குக் கச்சையத் தொலைச்சவ, இந்த மலையிலயே நீ ஒருத்திதாண்டி!"

பக்கத்துக் குடிசைக்காரி செப்டுருவின் கூச்சல், செலிமோவின் குடிசைக்கு வெளியே துப்பாக்கியோடு நின்ற இருபது இளைஞர்களுக்கும் கேட்டது.

செலிமோ தலைகுனிந்து நின்றாள். முதல் பிள்ளை பிறந்ததும் கட்டிய சோழிக் கச்சை அது. மகன் போருக்குச் சென்றால், திரும்பும்வரை அது தாயின் இடுப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் போனவன் வரமாட்டான். போக்கோட் குலத்தில் எவனும் அதை மீறிக் கிளம்பியதில்லை.

அவள் மகன் லோமாலேதான் படைக்குத் தலைவன். அவனின்றிப் படை நகராது.

"நல்லாத் தேடும்மா! ஆத்துக்கு அந்தப்பக்கத்துத் துர்க்கானாக்காரன் நம்ம நாப்பது ஆட்ட ஓட்டிட்டுப் போயிட்டான். பெரியவங்க பேசப்போயி மூணு நாளாச்சு. இனிமே என்ன பேச்சு?"

"எங்க வச்சேன்னே தெரியலப்பா."

"தள்ளுடி, நான் தேடுறேன்!" செப்டுரு உள்ளே நுழைந்தாள். போன சண்டையில் மூத்த மகனைப் பறிகொடுத்தவள் அவள். பழிக்குப் பழி வேண்டுமென்று ஊரெல்லாம் முழங்குகிறவள். இளைய மகனும் இப்போது படையில் நின்றான்.

படுக்கைத் தோலை உதறினாள். சுரைக்குடுக்கைகளைக் கவிழ்த்தாள். கடைசியில், மூலையிலிருந்த சோளப்பானைக்குள் முழங்கைவரை கையை விட்டாள்.

காலையில் செலிமோ கச்சையைப் புதைத்து வைத்தது அந்தப் பானைக்குள்தான்.

துழாவிய கை, வெறுங்கையாக வெளியே வந்தது.

"வெறும் சோளம்! தேன்மதுவுக்கு வித்துக் குடிச்சிருப்பா. இவளும் ஒரு தாயா?"

இளைஞர்கள் காறித் துப்பினார்கள். லோமாலே துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாயின் முகம் பாராமல் உட்கார்ந்தான்.

மறுநாள் பிற்பகல் பெரியவர்கள் திரும்பினார்கள். நாற்பது ஆடுகளும் அவர்களுக்கு முன்னால் கத்திக்கொண்டே வந்தன. எவருக்குச் சொந்தமென்று வழக்குத் தீராத ஆற்றோரப் புல்வெளியில், இனி இரு குலமும் முறைவைத்து மேய்க்குமாம்.

குடத்தோடு ஆற்றுக்கு வந்த செலிமோவின் கால்கள் தயங்கின. செப்டுரு அங்கே வலக்கையை நீரில் நனைத்தபடி அமர்ந்திருந்தாள். இன்னும் என்னென்ன ஏசப்போகிறாளோ!

செப்டுரு சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, விரலிலிருந்த கீறலைக் காட்டிச் சொன்னாள்:

"அதுல ஒரு சோழி உடைஞ்சிருக்குடி. அடுத்த தடவ இன்னும் ஆழமாப் புதைச்சு வை."