இன்னும் நாலு கிலோ

அச்சகக்காரர் திருந்திய கதையைத்தான் ஆறு மாதமாகத் தெருவே மென்றுகொண்டிருந்தது. சிகரெட் போச்சு, பொரித்தது போச்சு, தொப்பையும் போச்சு. விடிந்தால் வியர்க்க வியர்க்க நடை.

"என்னண்ணே, மறுபடி மாப்பிள்ளை ஆகப்போறீங்களா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரி கேட்காத நாளில்லை.

"இன்னும் நாலு கிலோ குறையணும்மா. டாக்டர் கறாரா சொல்லிட்டார்" என்பார் அவர்.

போன வாரம் வெளியூரில் அவருடைய தம்பி இறந்துபோனார். தகனம் முடிந்து திரும்பிய மறுநாளே, மனிதர் ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டார்.

"கூடப்பிறந்தவன் போய்ச் சேர்ந்துட்டான், இவருக்கு இவர் உடம்புதான் பெருசு. கல்லு மனசு!" அவர் காதில் விழும்படியே சொன்னாள் தையல்காரி.

யாரையோ சொல்வதுபோல் இருந்தது அவருக்கு. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கால்கள் தம் பாட்டுக்கு நடந்தன.

தெருமுனையில் செல்பேசி அடித்தது. பேசியது ஆஸ்பத்திரி நர்ஸ்.

"சார், நல்ல செய்தி! பத்து நாள் முன்னாடி எடுத்த ஸ்கேன்ல உங்க கல்லீரல்ல கொழுப்பே இல்லை. இனி தாராளமா அதுல ஒரு பங்கை உங்க தம்பிக்குக் கொடுக்கலாம். அவரை எப்போ கூட்டிட்டு வரீங்க?"

"அவன் அவசரப்பட்டுட்டாம்மா" என்றார் அச்சகக்காரர்.