மரக்கட்டைக்குப் பின்னால்

லூக்காஸ் மேடையில் செத்து விழுந்தான். பிரமாதமாகத்தான் விழுந்தான். கையிலிருந்த பலகைத் துப்பாக்கி உருண்டுபோய் மரக்கட்டையில் முட்டி நின்றது.

மரக்கட்டை என்றால், அக்குறணைக் கடையொன்றில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளுக்குச் சாக்குச் சுற்றியது. அதற்குப் பின்னால் குந்தியிருந்தாள் அவன் மனைவி மேபல். நடிகர்கள் மறந்துபோகும் வசனத்தை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை.

கண்டி நாடகப் போட்டிக்கு இந்தக் கதையைத் தேடிப் பிடித்ததே அவள்தான். அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கீ மக்களின் போர்க்கதை. வீரன் சுடுகிறான். மனைவி மரக்கட்டைக்குப் பின்னால் பதுங்கி, அவனுடைய ஈயக் குண்டுகளைக் கடித்துக் கடித்துக் கொடுக்கிறாள். கடித்த குண்டு எதிரியை இன்னும் மோசமாகக் கிழிக்குமாம். புருஷன் விழுந்ததும் அவளே துப்பாக்கியைத் தூக்கி, படையை நடத்தி வெல்கிறாள்.

கெலிஓயாவில் ஒத்திகை தொடங்கிய அன்றே லூக்காஸ் அந்தப் பெண்ணைக் கதையிலிருந்து தூக்கிவிட்டான்.

"சண்டையில பொம்பளைக்கு என்ன வேல, மேபல்? வீரனோட தம்பிக்காரன் துப்பாக்கிய எடுக்கட்டும். நீ பின்னால இருந்து வசனத்த எடுத்துக் குடு."

அவள் வசனக் கொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்க் குந்தினாள்.

இப்போது மேடைக்கு, தம்பியாக நடிக்கும் கணேஸ் ஓடி வந்தான். முதலில் வசனம், பிறகு துப்பாக்கி. வசனம் வரவில்லை. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் திருதிருவென்று முழித்தான். மரக்கட்டையைப் பார்த்தான்.

மரக்கட்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

மேபல்தான் வந்தாள்.

வெறுங்கால், இழுத்துச் செருகிய சேலை. துப்பாக்கியை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"விழுந்தது ஒருத்தன்தான். எழும்புங்க!"

படைவீரர்களாகப் பதுங்கியிருந்த பொடியன்கள் நாடகம் என்பதையே மறந்து அவள் பின்னால் பாய்ந்தார்கள். கணேஸும் பாய்ந்தான். மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. நடுவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேபலுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

திரை விழுந்ததும், செத்துக் கிடந்த லூக்காஸ் எழும்பித் தூசியைத் தட்டினான்.

"அவன் அந்த முழி முழிக்கிறான், நீ ஏன் எடுத்துக் குடுக்கல? வசனம் முழுக்க ஒனக்குப் பாடந்தானே?"

அவன் நீட்டிய கையில் மேபல் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை.

"எப்படிக் குடுக்கிறது? வாயில குண்டு இருந்திச்சே."