மாமா தராத முத்தம்

"அம்மா, மாமாவுக்கு ஏன் என்னைப் பிடிக்கல?"

போன கிறிஸ்துமஸுக்கு, மூன்று வயதில் மகள் யாகோதா கேட்ட கேள்வி. ஒரு வருஷமாகப் போக்னாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இந்த வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை முதல் நட்சத்திரம் தெரிந்ததும் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஆசீர்வதித்த அப்பத்தை ஒருவருக்கொருவர் விண்டு கொடுத்து, கன்னத்தில் முத்தமிட்டு வாழ்த்தினார்கள். லெஷெக் தங்கை போக்னாவுக்கும் அவள் கணவர் தரியுஷுக்கும் முத்தமிட்டான். யாகோதா தன் அப்பத்தை ஒரு கடி கடித்துவிட்டு மீதியை நீட்டினாள்.

"இந்தா மாமா. எனக்கு முத்தம்?"

லெஷெக் அதை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினான். அவள் தலையைத் தடவினான். "அப்புறம் சாப்பிடறேன், கண்ணு. மாமா சாக்லேட் கொண்டாந்திருக்கேன், பாரு."

போக்னா கரண்டியை மேஜையில் அறைந்தாள்.

"சாக்லேட்டாம்! ரத்தம் குடுக்கற இடத்துல சும்மா தர்ற சாக்லேட்! அதைக்கூட நீ காசு போட்டு வாங்கறதில்ல, அண்ணா!"

"நல்ல நாளும் அதுவுமா…" என்றார் தரியுஷ்.

"நீங்க பேசாம இருங்க! பக்கத்து வீட்டு நாயை மடியில போட்டுக் கொஞ்சறான். என் பொண்ணு வாய் வெச்சா மட்டும் அருவருப்பு. அவ குடிச்ச தம்ளரைத் தொட மாட்டான். ஏன், குறைமாசத்துல பொறந்தவள்னு இளக்காரமா?"

"அப்படியெல்லாம் இல்ல, போக்னா."

"பின்ன எப்படி? சொல்லேன்!"

லெஷெக் உட்கார்ந்து பீட்ரூட் சூப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். காதுமடல்கள் சிவந்திருந்தன.

எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக அந்த ஊரில் எல்லா வீட்டிலும் போடும் காலித் தட்டு இந்த மேஜையிலும் இருந்தது. அதில் ஒரு துண்டு அப்பம். போக்னா அதைக் காட்டினாள்.

"அந்தத் தட்டு யாருக்குன்னு தெரியுமில்ல? இவ முக்கால் கிலோவா கண்ணாடிப் பெட்டியில கெடந்தப்ப டாக்டர் என்ன சொன்னார்? ஹெர்பஸ் குடும்பத்து வைரஸ் ஒண்ணு, பெரியவங்க நெறைய பேருக்குத் தெரியாமலே வந்திருக்கும், அதோட ஆன்டிபாடி, அதாவது அது வந்துபோன அடையாளம், ரத்தத்துல நிக்கும். அந்த ரத்தம் இவளுக்கு ஆகாது, ஆன்டிபாடியே இல்லாத ரத்தம் வேணும், கையிருப்பு இல்லன்னார். நீயும் பக்கத்துலதானே நின்னே? மார்ச் ஒன்பதாம் தேதி யாரோ ஒரு புண்ணியவான் ரத்தம் வந்து சேர்ந்துது. அவனுக்குத்தான் அந்தத் தட்டு. முகம் தெரியாதவன் உசுரையே குடுத்தான். தாய்மாமன் உன்னால ஒரு முத்தம் குடுக்க முடியல! எழுந்திரு. உன் கோட்டைக் கொண்டாந்து தரேன், கிளம்பு!"

யாகோதா அழத் தொடங்கினாள். தரியுஷ் அவளைத் தூக்கிக்கொண்டார்.

வாசல் நடையில் மாட்டியிருந்த கோட்டைப் போக்னா ஆத்திரத்தோடு இழுத்தாள். பையிலிருந்து ஒரு சிறிய புத்தகம் விழுந்தது. ரத்தம் கொடுப்பவர்களுக்கான பதிவுப் புத்தகம். இரண்டு மாதத்துக்கு ஒரு முத்திரை. பக்கம் பக்கமாக இருந்தது. நடுவில் நர்ஸ் ஒருத்தியின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு.

'இந்த முறையும் ஆன்டிபாடி இல்லை, லெஷெக் அவர்களே. உங்கள் ரத்தம் இன்னொரு குறைமாதக் குழந்தைக்கு ஆயிற்று. சின்னப் பிள்ளைகளின் எச்சிலில்தான் அந்த வைரஸ் அதிகம் இருக்கும். இத்தனை நாள் போலவே கவனமாக இருங்கள். தங்கையிடம் இன்னுமா சொல்லவில்லை?'

போக்னா முதல் பக்கத்தைப் புரட்டினாள். முதல் முத்திரையில் யாகோதா பிறந்த வருஷம். மார்ச் எட்டு.

"கோட் கிடைச்சுதா?" உள்ளேயிருந்து லெஷெக்கின் குரல்.

புத்தகத்தைப் பைக்குள் வைத்து, கோட்டைப் பழையபடி மாட்டினாள்.

"காணோம்" என்றாள். "நீ உக்காரு, அண்ணா. சூப் ஆறுது."

பிறகு, எல்லோரும் பரிசுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, காலித் தட்டிலிருந்த அப்பத்தை எடுத்துப்போய், யாரும் காணாமல் அந்தக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.