குழம்பில் ஒரு துளி

கணவரின் ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து, வடிவு மீனெண்ணெய் மாத்திரையை ஊசியால் குத்தி அவரது வத்தக்குழம்பில் பிழிந்துவந்தாள். ஆவுடையப்பன் முட்டை பட்ட கரண்டியைக்கூட வீட்டுக்குள் விடாதவர். பெருங்காயத்தை அள்ளிப் போட்டும் வாடை முழுதாக அடங்கவில்லை.

மறு ஸ்கேனைப் பார்த்த டாக்டர் வியந்தார். "கொழுப்பு நல்லாக் குறைஞ்சிருக்கே! சில எண்ணெய், கொழுப்பு சேர்க்கிற ஜீனையே அடக்கி வச்சிரும். வீட்ல என்ன எண்ணெய் ஊத்துறீங்க?"

"நல்லெண்ணெய்தான்" என்றார் ஆவுடையப்பன். வடிவு ஸ்கேன் படத்தை அவசரமாக உறைக்குள் போட்டாள்.

மறுநாள் அவள் மாத்திரையைத் தொடவில்லை. ஒரு வாய் சாப்பிட்டதும் அவர் கை நின்றது. குழம்பை முகர்ந்தார்.

நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "இன்னைக்கு ஊசி எடுக்கலியா, வடிவு?"