இரும்பு முதுகு

கிட்டே வந்து உட்காருங்கள். இது கத்திச் சொல்கிற கதை இல்லை. கத்துவதற்குத்தான் எங்கள் சர்ச் மூப்பர் டீக்கன் ஹோசியா இருக்கிறாரே!

மிசிசிப்பி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் சர்ச் பின்கட்டில் கெளுத்தி மீன் வறுவல். நான் எண்ணெயைக் காயவைத்துவிட்டு நிற்கிறேன். ஹோசியா மேசையைக் குத்துகிறார்.

"திங்கக்கிழமை பாருங்க! ஜூரியில பன்னெண்டு நாற்காலி. பன்னெண்டுலயும் மேட்டுத்தெரு வெள்ளை முகம்தான் இருக்கும். அந்தப் பிள்ளைய ஜெயிலுக்கு அனுப்பிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவானுங்க!"

"ஆமென்!" என்றான் ரூஃபஸ், மீன் வரும் திசையைப் பார்த்தபடி.

அந்தப் பிள்ளை ஆற்றுக்குக் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரன். போலீஸ்காரரை அடித்தான் என்று வழக்கு. எங்களில் யாருக்கும் அவனைத் தெரியாது. ஆனால் ஊர்ஜனம் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்கிற அந்த நாற்காலிகளை எங்களுக்குத் தெரியும். வெர்னெல் அக்காவின் தங்கை மகனை உள்ளே தள்ளியது அதே நாற்காலிகள்தான்.

போன வருஷம் வரைக்கும் ஓட்டுப்பட்டியலில் இருப்பவர்களை மட்டும்தான் ஜூரிக்குக் கூப்பிடுவார்கள். பேர் கொடுத்தால் கோர்ட்டுக்கு இழுத்துவிடுவான் என்று எங்கள் கறுப்பர் தெருவில் பாதிப் பேர் ஓட்டுக்கே பதியவில்லை.

அந்த விதியை மாற்றச் சொல்லி வெர்னெல் வீடு வீடாக நடந்து கையெழுத்து வாங்கினாள். தலைநகருக்குப் போய்ச் சட்டசபை வாசலில் நின்றாள். இந்த வருஷம் விதி மாறியது. லைசென்ஸோ அடையாள அட்டையோ வைத்திருக்கிற யாரையும் கூப்பிடலாம். அன்றைக்கு ஹோசியா அவள் தோளில் கை போட்டு எடுத்துக்கொண்ட படம் சர்ச் வாசலில் இன்னும் தொங்குகிறது.

"விதிதான் மாறிடுச்சே டீக்கன், அப்புறமும் ஏன் அதே முகம்?" என்று நான் கேட்டேன்.

"விதி மாறும் சிஸ்டர், அவனுங்க புத்தி மாறுமா? நம்மளக் கூப்பிட்டாத்தானே! எல்லாம் கோர்ட்டு பண்ற சதி!"

மூலையில் நின்ற வெர்னெல் மெதுவாகக் கேட்டாள். "உங்க யாருக்கும் அழைப்பு வரலியா?"

"யாருக்கு வந்துச்சு? டேய் ரூஃபஸ், உனக்கு வந்துச்சா?"

"என் தபால்பெட்டியில குருவிதான் முட்டை போடுது."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னெல் சிரிக்கவில்லை.

"சரி, கொட்டகையில கரண்ட் போச்சு. ஃப்ரீசரை இங்க தூக்கிட்டு வரலேன்னா மீன் கெட்டுடும். தெம்புள்ள ஆம்பளைங்க யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

"யாராவதாவது! எங்களப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?"

ஹோசியா கோட்டைக் கழற்றினார். ரூஃபஸ் எழுந்தான். இன்னும் இரண்டு பேர் கூடவே ஓடினார்கள்.

"பாத்து டீக்கன், முதுகு பத்திரம்."

"முதுகா? பருத்தி மூட்டை தூக்கின முதுகு இது! இரும்பு!"

மூச்சுவாங்க, படியேறி, நாலு பேரும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"என்னக்கா இது, கெளுத்தியா திமிங்கிலமா?" என்று ரூஃபஸ் வியர்வையைத் துடைத்தான்.

வெர்னெல் மூடியைத் திறந்தாள்.

உள்ளே அத்தனையும் செங்கல்.

"மீன் எங்க?"

"என் கார்ல, ஐஸ் பெட்டியில இருக்கு."

"வெளையாடறியா வெர்னெல்?"

"போன திங்கக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போனேன், டீக்கன். ஈஸ்டர் தொப்பி போட்டுக்கிட்டுப் போனேன். என் ஜனம் அந்த நாற்காலியில உக்கார்றதக் கண்ணால பாக்கணும்னு." ஒரு செங்கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள். "குமாஸ்தா ஒவ்வொரு பேராக் கூப்பிட்டா. ஹோசியா பிக்கெட். வரல, முதுகு வலி. ரூஃபஸ் கேட்ஸ். வரல, முதுகு வலி. நம்ம தெரு மொத்தமும் முதுகு வலின்னு சீட்டு எழுதி அனுப்பிட்டுப் படுத்துக் கெடக்கு! மேட்டுத்தெருக்காரங்க சிரிச்சாங்க. ஆள் பத்தலேன்னு ஒரு வாரம் தள்ளிவச்சாங்க."

ரூஃபஸ் ஃப்ரீசர் மூடியைச் சாத்தப் போனான், வெர்னெல் தடுத்தாள்.

"அந்தப் பிள்ளையோட அம்மா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. 'இவங்கள்லாம் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டா. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

ஹோசியா கோட்டைத் தேடினார். "அங்க போனா நாள் முழுக்க உக்காரணும் வெர்னெல், எனக்கும் வயசாகுது..."

"மேசையக் குத்த வயசாகலியா? அவன் குத்தவாளின்னு சொல்லுங்க, இல்லேன்னு சொல்லுங்க. அது உங்க மனசு. போய் உக்காருங்கன்னுதான் கேக்கறேன்."

வெர்னெல் கைபேசியை எடுத்தாள், நம்பரை அழுத்தினாள், எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"கோர்ட்டு ஆபீஸ், ஜூரிப் பிரிவு, சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"நல்ல சேதி சொல்லத்தான்மா கூப்பிட்டேன். எங்க சர்ச்சுல ஒரு அற்புதம் நடந்திருக்கு. நாலு பேருக்கு ஒரே நேரத்துல முதுகு வலி குணமாயிடுச்சு. திங்கக்கிழமை வர்றாங்களாம். இருங்க, அவங்க வாயாலயே கேளுங்க."

சொல்லிவிட்டு, கைபேசியை டீக்கன் ஹோசியாவின் வாய்க்கு நேராக நீட்டினாள்.